ஆயிரம் பேருக்கு ஒரு வேளை: பேரிடர்ச் சமையற்கூடத்தின் கணக்குகள்

வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ வந்து அடுப்பு அணைந்துபோன இடத்தில் சூடான சாப்பாடு கொடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது சமையல்காரரை. சமைக்க ஆள் எப்படியும் கிடைத்துவிடுவார். சோறு வெந்த பிறகு வண்டி வராது. வண்டி போய்ச் சேர்ந்த இடத்தில் தலைக்கணக்கு தப்பி, பாதிப் பேருக்குப் பற்றாது. எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தும், ஆறிக் கிடந்த சோறு ராத்திரியில் வயிற்றைப் புரட்டும். நிவாரணச் சமையல் தோற்பது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான். அதனால் கைப்பக்குவத்தைப் பற்றி இங்கே அதிகம் இருக்காது. இறக்கிய அண்டாவுக்கும் சாப்பிடுகிறவர் வாய்க்கும் நடுவே ஓடும் நேரத்தைப் பற்றித்தான் பேச்சு.

முதல் வேளையே சூடாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் ஆகாது. முதல் 24 மணி நேரத்துக்குக் குடிநீர், ரொட்டி, பிஸ்கட், தோலுரித்துத் தின்னும் பழம் போதும். பசித்தவர் கையில் உடனே ஏதாவது போய்ச் சேரும், சமையல் இடத்தை நிதானமாகப் பார்க்கவும் அவகாசம் கிடைக்கும். அவசரத்தில் பிடித்த இடத்தை மூன்றாம் நாள் மாற்ற நேர்ந்தால் இரண்டு வேளைச் சாப்பாடு போச்சு.

இடம் பார்க்கும்போது தண்ணீர் ஏறாத மேடு, லாரி திரும்பும் அளவுக்கு வெளி, கழிப்பறையிலிருந்து தள்ளி இருத்தல், நல்ல காற்றோட்டம், சரக்கு வர ஒரு வழி, சாப்பாடு போக இன்னொரு வழி என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். காய் மூட்டை இறங்கும் அதே வாசலில் வெந்த சோறு ஏறினால் சேறும் சோறும் ஒன்றாகும், வண்டியும் மறித்துக்கொள்ளும். ஏற்கெனவே உள்ள சமையலறை கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஜோசே ஆண்ட்ரெஸ் என்ற சமையல் வல்லுநர் 2010-இல் தொடங்கிய வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன் என்ற நிவாரணச் சமையல் அமைப்பு, 2017-இல் மரியா புயலுக்குப் பிறகு கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சாப்பாடுகளைக் கொடுத்தது. அங்கே உணவகம், பள்ளி, தேவாலயம் என்று இருந்த அடுப்படிகளைத்தான் பிடித்தார்கள், உள்ளூர்ச் சமையல்காரர்களைத்தான் சேர்த்தார்கள். நிலநடுக்கம் என்றால் மட்டும் இது பொருந்தாது. பின்னதிர்வு ஓயும் வரை விரிசல் விட்ட கூரைக்குக் கீழே அடுப்பு மூட்டக் கூடாது, வெட்டவெளிதான்.

இனி அளவு. அரிசி, பருப்பு என்று சொல்வது கணக்கு புரிவதற்காக. கோதுமை, சோளம், பீன்ஸ் என்று எது ஆனாலும் கணக்கு இதே வழிதான் போகும். ஒருவருக்கு ஒரு வேளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 40 கிராம், காய் 100 கிராம், எண்ணெய் 15 கிராம். ஆயிரம் பேருக்கு 100 கிலோ அரிசி, 40 கிலோ பருப்பு, 100 கிலோ காய், 15 கிலோ எண்ணெய். உப்பை மூன்று கிலோவில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டலாம். அயோடின் கலந்த உப்பாக இருக்கட்டும். இந்த ஒரு வேளையில் ஏறத்தாழ 650 முதல் 700 கிலோகலோரி வரை கிடைக்கும். நிவாரணத் திட்டங்களில் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 2,100 கிலோகலோரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். அதாவது இப்படி மூன்று வேளை கொடுத்தால்தான் கணக்கு நேராகும். இரண்டு வேளைதான் முடியும் என்றால் மீதியைக் கடலை, பிஸ்கட் மாதிரி உலர்ந்த பண்டமாகக் கையில் கொடுக்க வேண்டும்.

எண்ணெயையும் பருப்பையும் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. தட்டு நிறைந்திருக்கும், வயிறும் நிறையும், ஆனால் உடம்பில் ஒட்டாது. இது புதிய தவறும் அல்ல. அயர்லாந்துப் பஞ்சத்தின்போது 1847-இல் அலெக்சிஸ் சோயர் என்ற சமையல் வல்லுநர் டப்ளினில் ஒரு மாதிரிச் சூப்புக் கூடம் அமைத்தார். 300 காலன் கொதிகலன், ஒரே சமயத்தில் நூறு பேர் உட்கார இடம், மணி அடித்தால் ஒரு கூட்டம் எழுந்து அடுத்த கூட்டம் உள்ளே. பந்தியை நடத்தும் விதத்தில் இன்றைக்கும் அவரிடம் கற்றுக்கொள்ளலாம். சூப்பில் மட்டும் சத்து போதவில்லை என்று மருத்துவர்கள் அப்போதே குறை சொன்னார்கள்.

பெரிய அண்டாவில் வீட்டுக் கணக்கு செல்லாது. வீட்டில் ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் வைக்கிறோம் என்றால், அண்டாவில் அதைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். தண்ணீரின் மொத்த அளவோடு ஒப்பிட்டால் அதன் மேற்பரப்பு குறைவு, அதனால் ஆவியாகிப் போவதும் குறைவு. எவ்வளவு குறைப்பது என்பது அரிசியைப் பொறுத்தது. புது மூட்டை பிரித்தால் முதல் அண்டாவைப் பார்த்துத்தான் மற்றதற்கு அளவு சொல்ல வேண்டும். வெவ்வேறு இடத்திலிருந்து வந்த அரிசியை ஒரே அண்டாவில் கலக்கவே கூடாது. ஒன்று குழைந்து கூழாகும்போது இன்னொன்று விறைத்து நிற்கும். ஓர் அண்டாவுக்கு 25 கிலோ அரிசிக்கு மேல் போடாதீர்கள். மேல் பாரத்தில் அடிச்சோறு நசுங்கும், அடியும் பிடிக்கும். 25 கிலோ அரிசி வெந்தால் எழுபது கிலோவுக்கு மேல் சோறாகும், கிளற இடமும் வேண்டும், ஆகவே 120 லிட்டருக்குக் குறைந்த அண்டா உதவாது. அடிப்பிடித்தால் கிளறாமல் மேல்சோற்றை மட்டும் வேறு பாத்திரத்துக்கு எடுத்துவிட வேண்டும். சுரண்டினால் தீய்ந்த வாடை அண்டா முழுக்க ஏறும்.

நன்கொடையாகச் சிவப்பு ராஜ்மா மூட்டை வந்தால் தனிக் கவனம் வேண்டும். சரியாக வேகாத ராஜ்மாவில் வாந்தியை வரவழைக்கும் நஞ்சு உண்டு. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். அதன் பிறகுதான் சிறு தீ. கொதிக்கவே விடாமல் இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்தால் நஞ்சு அழியாது.

எரிவாயு ஆயிரம் சாப்பாட்டுக்கு 12 முதல் 15 கிலோ வரை ஆகும். காற்று வீசினால் இன்னும் கூடும். அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்தால் செலவு கண்கூடாகக் குறையும். சிலிண்டரில் வாயு இருக்கும்போதே சுடர் சுணங்கி, சிலிண்டர் வெளிப்பக்கம் வியர்த்துப் பனி படர்ந்தால் பயப்பட வேண்டாம். பெரிய பர்னர் வேகமாக இழுப்பதால் உள்ளே திரவம் ஆவியாகிச் சிலிண்டர் குளிர்ந்துவிட்டது, அழுத்தம் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு மூன்று சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைத்தால் சரியாகும். வெந்நீர் ஊற்றுவது, அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பது எல்லாம் தற்கொலை. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். தரைக்குக் கீழே உள்ள அறையில் சிலிண்டர் வைக்கக் கூடாது. மழைக்கு ஒதுங்கி அடைத்த அறையில் விறகோ கரியோ எரித்தால் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் ஆளைச் சாய்க்கும்.

தண்ணீரைச் சாப்பாடு ஒன்றுக்கு ஐந்து லிட்டர் என்று போட்டுக்கொள்ளுங்கள். உலைக்கும், காய் கழுவவும், பாத்திரத்துக்கும், கைக்கும் சேர்த்து. கலங்கிய தண்ணீரில் குளோரின் போட்டுப் பயனில்லை, சேற்றோடு சேர்ந்து வீணாகும். முதலில் தெளிய விட வேண்டும். தெளிந்த ஆயிரம் லிட்டருக்கு, 5 சதவீத வீரியமுள்ள, வாசனை சேர்க்காத பிளீச் 40 மில்லி. அரை மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி அரை மணி நேரம். கழுவிய பாத்திரத்தையும் வெட்டுப் பலகையையும் முக்கி எடுக்க 10 லிட்டருக்கு அதே பிளீச் 20 மில்லி. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். வெள்ளத்தில் கலந்த டீசலும் பூச்சிமருந்தும் கொதித்தாலும் போகாது. அந்த வாடை அடிக்கும் தண்ணீரை எந்த வைத்தியமும் பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும். வெள்ளநீர் தொட்ட கீரை, தக்காளி, நைந்த மூட்டையிலிருந்த மாவு எல்லாம் குப்பைக்கு.

நேரத்தைச் சாப்பிடும் வேளையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மதியம் 12:30-க்குப் பந்தி என்றால், 12 மணிக்கு வண்டி அங்கே நிற்க வேண்டும். பாதை முக்கால் மணி என்றால் 11:15-க்குப் புறப்பாடு. பாத்திரத்தில் நிரப்பி ஏற்ற அரை மணி, ஆக 10:45-க்கு முதல் அண்டா தயார். நூறு லிட்டர் உலை கொதிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும், அதன் பிறகு வேக, புழுங்க என்று பார்த்தால் ஒன்பது மணிக்கு அடுப்பு எரிந்தாக வேண்டும், காய் வெட்டு ஆறரைக்குத் தொடங்கியாக வேண்டும். எல்லா அண்டாவையும் ஒரே நேரத்தில் ஏற்றுவது அடுத்த பெரிய தவறு. எல்லாம் ஒன்றாக வேகும், வண்டியோ ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும், கடைசி வண்டிச் சோறு இரண்டு மணி நேரம் காத்துக் கிடக்கும். அரை மணிக்கு ஓர் அண்டா என்று தள்ளித் தள்ளி ஏற்றுங்கள்.

இந்தக் காத்துக் கிடத்தலில்தான் ஆபத்து. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமி பெருகும். அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், கொதித்தாலும் அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஊசிப்போன வாடையும் வந்திருக்காது. சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. பெரிய அண்டாவில் கெட்டியான குழம்பு ஆறும்போது வளர்வது வேறொன்று, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். சாதகமான சூட்டில் அது பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மறுநாள் காலை முகாம் முழுக்க வயிற்றுப்போக்கு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கழிப்பறை பற்றாத முகாமில் அது என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் தெர்மாமீட்டர் இல்லாமல் சமையற்கூடம் தொடங்காதீர்கள். குத்திப் பார்க்கும் வகை, ஆளுக்கு ஒன்று அல்ல, வண்டிக்கு ஒன்று. ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்தால் 0 காட்ட வேண்டும், தினமும் காலையில் இதைச் சரிபார்க்க வேண்டும். சூடு காக்கும் பெட்டியில் நிரப்புவதற்கு முன் கொதிநீரை ஊற்றி 20 நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு நிரப்புங்கள். குளிர்ந்த பெட்டி முதல் பத்து டிகிரியைத் தானே குடித்துவிடும். நிரப்பும்போது 85 டிகிரிக்குக் குறையாமல், விளிம்பு வரை. பாதி நிரம்பிய பெட்டி சீக்கிரம் ஆறும். பெட்டி கிடைக்கவில்லை என்றால் மூடி இறுக்கமான பாத்திரத்தைச் சுற்றிக் கம்பளி, அதற்கு வெளியே வைக்கோல் திணித்த கூடை. போய்ச் சேர்ந்ததும் நடுவில் குத்திப் பார்த்து நேரத்தையும் சூட்டையும் எழுத வேண்டும். 60-க்குக் கீழே இறங்கி இரண்டு மணி நேரம் தாண்டியது தெரிந்தால், எத்தனை பேர் காத்திருந்தாலும் கொட்டத்தான் வேண்டும். எப்போது இறங்கியது என்று தெரியாவிட்டாலும் அப்படியே. மனசு வராது. அதற்காகத்தான் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு வேளைக்கான பிஸ்கட்டும் பழமும் தனியாக இருக்க வேண்டும். மாற்று கையில் இருந்தால்தான் கெட்டதைக் கொட்டத் துணிவு வரும்.

மீந்த சோற்றை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். முகாமுக்குப் போய்த் திறந்த பாத்திரம் திரும்பி வந்தால் அது சாப்பாடு இல்லை, கழிவு. ஒவ்வொரு வேளையிலும் ஒவ்வொரு பண்டத்திலும் 100 கிராம் எடுத்து, தேதி எழுதி, குளிர்பெட்டியில் மூன்று நாள் வையுங்கள். யாருக்காவது உடம்புக்கு வந்தால் காரணம் எங்கே என்று தேட அது ஒன்றுதான் சாட்சி.

தலைக்கணக்கு வேறொரு தலைவலி. முகாம் பொறுப்பாளரிடம் கேட்டால் பற்றாமல் போய்விடுமோ என்ற பயத்தில் கூட்டித்தான் சொல்வார். அதில் பொய் எதுவும் இல்லை, அந்த இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் பட்டியலை நம்பாமல் தட்டை எண்ண வேண்டும். போகும்போது எண்ணிக் கொடுத்த தட்டு, திரும்பும்போது மீந்த தட்டு, வெறுங்கையோடு போனவர் எத்தனை பேர், இந்த மூன்று எண்ணும் காலிப் பாத்திரத்தோடு திரும்பி வர வேண்டும். அடுத்த வேளைக்கு அதுவே அளவு, கூடவே நூற்றுக்கு ஐந்து. இரண்டு நாளில் கணக்கு படிந்துவிடும்.

கரண்டி சின்ன விஷயமாகத் தெரியும். ஆயிரம் பேருக்குச் சமைத்துத் தொள்ளாயிரம் பேரோடு முடிந்தது என்றால் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். பரிமாறுகிறவர் மனசு இளகிக் கரண்டியைக் கோபுரமாக அள்ளினால், பத்துச் சதவீதம் அங்கேயே போய்விடும். பாதிக்கப்படுவது வரிசையின் கடைசியில் நிற்கிறவர், பெரும்பாலும் நடக்க முடியாதவர். எல்லா இடத்துக்கும் ஒரே அளவுக் கரண்டி, தலைதட்டி இத்தனை கரண்டி என்று பரிமாறுகிறவர் எதிரிலேயே எழுதி ஒட்டுங்கள். இரண்டாம் முறை வேண்டும் என்பவருக்கு எல்லாரும் வாங்கிய பிறகு. இங்கே யாரிடமும் அட்சய பாத்திரம் இல்லை.

ஒருவருக்குப் பத்து நொடி என்றால் ஒரு வரிசையில் மணிக்கு 360 பேர். ஆயிரம் பேரை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க மூன்று வரிசை வேண்டும். முதியவர், கர்ப்பிணி, ஊன்றுகோல் வைத்திருப்பவருக்குத் தனி வரிசை போடுவதைவிட உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. ஒரே இடத்தில் கூடியிருப்பவர்களுக்குப் பாத்திரத்திலிருந்து பரிமாறுங்கள். வீடுகளில் சிதறி இருப்பவர்களுக்கு மட்டும் பொட்டலம். பொட்டலம் சீக்கிரம் ஆறும், உள்ளே வியர்த்து நசநசக்கும், குப்பையும் மலைபோல் சேரும். கட்டிய நேரத்தையும் எந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் மேலே எழுத வேண்டும். சிலர் ராத்திரிக்கு என்று எடுத்து வைப்பார்கள். பசியைப் பார்த்தவர் அப்படித்தான் செய்வார். அதைத் திட்டித் தடுக்க முடியாது. அடுத்த வேளை நிச்சயம் வரும் என்ற நம்பிக்கை வந்தால்தான் நிற்கும். ஆகவே சொன்ன நேரத்தில் போய் நிற்பதே உணவுப் பாதுகாப்பின் ஒரு பகுதி.

வண்டிக்கு மூன்று நிறுத்தத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கடைசி நிறுத்தத்தின் பாத்திரம் முதலில் உள்ளே ஏற வேண்டும். தலைகீழாக ஏற்றினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லாவற்றையும் இறக்கி ஏற்ற நேரும். படகில் போகிறதென்றால் 20 லிட்டருக்கு மேற்பட்ட பாத்திரம் வேண்டாம், மூடியைக் கயிற்றால் கட்டுங்கள்.

என்ன சமைப்பது என்பதைச் சாப்பிடப் போகிறவரிடம் கேளுங்கள். 2010-இல் ஹெய்ட்டி முகாமில் ஆண்ட்ரெஸ் கறுப்பு பீன்ஸைச் சமைத்தபோது, அங்கிருந்த பெண்கள் இப்படி அல்ல என்று சொல்லி, மசித்து வடிகட்டிக் கூழாக்கச் சொன்னதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பழகாத ருசியை மூன்றாம் வேளை யாரும் தொட மாட்டார்கள், குப்பைத்தொட்டி நிறையும். இறைச்சி சேர்க்காத அடிப்படைச் சாப்பாடு பெரும்பாலானோருக்கு ஒத்துப்போகும். இறைச்சி இருந்தால் தனிக் கரண்டி, தனிப் பாத்திரம், தெளிவான பெயர்ச்சீட்டு. கடலை, பால், முட்டை சேர்ந்திருந்தால் அதையும் எழுத வேண்டும்.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்குப் பெரியவர் சாப்பாடு காரம், கடினம். எண்ணெய் சேர்த்துக் கெட்டியாகக் குழைத்த சோறும் பருப்பும் தனியாக எடுத்து வையுங்கள், உப்பும் காரமும் போடும் முன்பே. பால் மாவு டப்பாக்களைப் பொதுவாக அள்ளிக் கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்யும் பெருந்தீங்கு. சுத்தமான தண்ணீரும் புட்டி கழுவ வசதியும் இல்லாத இடத்தில் அது வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும், தாய்ப்பாலும் நின்றுபோகும். பால் மாவு தேவைப்படும் குழந்தை இருந்தால் சுகாதாரப் பணியாளரிடம் சேர்த்துவிடுங்கள். பால் கொடுக்கும் தாய்க்குக் கூடுதலாக ஒரு பங்கு சாப்பாடு.

தன்னார்வலர்களில் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தவரை, நின்று 48 மணி நேரம் ஆகும் வரை சமையல் பக்கம் விடக் கூடாது. வீட்டில் ஓய்வெடுங்கள் என்றால் கோபித்துக்கொள்வார்கள். கணக்கு எழுதும் வேலை கொடுத்தால் தீர்ந்தது. கைக்குச் சோப்பும் குழாய் வைத்த வாளியும் போதும். அழுக்குக் கையில் சானிட்டைசர் தடவுவதால் பயன் இல்லை. அதிகம் நடக்கும் விபத்து சூட்டுக்காயம், அதுவும் கொதிக்கும் அண்டாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஈரத்தரையில் நடக்கும்போது. அண்டாவைத் தூக்கவே வேண்டாம், இருந்த இடத்திலேயே சிறு பாத்திரத்துக்கு மொண்டு எடுங்கள். விரல் மூடிய செருப்பு கட்டாயம். சுட்டுக்கொண்டால் ஓடும் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மாவு எதையும் பூச வேண்டாம்.

பல வீடுகளில் சமைத்து அனுப்பும் சாப்பாட்டை வாங்கிக் கலக்காதீர்கள். எப்போது வெந்தது, யார் கை பட்டது என்று தெரியாது. இது வேண்டும், இது வேண்டாம் என்று தினமும் ஒரு பட்டியல் எழுதி வெளியிடுங்கள். இருப்பேட்டில் இரண்டு பேர் கையெழுத்து. சாப்பிடுகிறவர் முகத்தைப் படம் பிடிக்க யாரையும் அனுமதிக்க வேண்டாம். நன்கொடையாளருக்குக் காட்ட அண்டாவின் படமும் தட்டுக் கணக்கும் போதும்.

கடை திறந்து, வீடுகளில் அடுப்பு எரியத் தொடங்கியதும் தட்டு எண்ணிக்கை தானாகச் சரியும். அதுதான் மூடும் நேரம். மூன்று நாள் முன்பே அறிவித்து, இன்னும் சமைக்க முடியாத குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுங்கள். அவர்களில் அடுப்பு உள்ளவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு. அடுப்பே இல்லாதவர்களுக்கு மட்டும் ஓர் அண்டாவை எரியவிடுங்கள். கடைசி நாளில் கழுநீர்க் குழியை மூடி, சிலிண்டர்களை எண்ணி ஒப்படைத்து, அண்டாவின் விளிம்பில் கரி போகத் தேய்த்து, அது எத்தனை லிட்டர் என்று பெயின்ட்டால் எழுதிக் கவிழ்த்து வையுங்கள்.